எம்.டி.எஃப். பலகையில் பெயிண்ட் வழவழப்பாக வரவில்லையா? கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிப்பது இப்படித்தான்

மும்பை மாட்டுங்காவில் ஒரு வீட்டுக்கு ஏழு படி கொலு ஸ்டாண்ட் செய்து கொடுத்தேன். 18 மி.மீ. எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை), வெள்ளை பெயிண்ட். கொண்டுபோய் வைத்த அன்று அந்த வீட்டு மாமி ஒவ்வொரு படியாகத் தடவிப் பார்த்துவிட்டு, "மேலே கண்ணாடி மாதிரி இருக்கு தம்பி, ஓரம் மட்டும் ஏன் பூனை நாக்கு மாதிரி சொரசொரன்னு இருக்கு?" என்று கேட்டார். இன்னொரு கோட் அடித்துத் தருகிறேன் மாமி என்று சொல்லித் திரும்ப எடுத்து வந்தேன், அடித்தேன், அப்படியேதான் இருந்தது. இன்னொரு கோட், அப்பவும் அதே. மூன்றாவது தடவைதான் புரிந்தது, பெயிண்ட்டில் தெரிகிற பிழை பெரும்பாலும் பெயிண்ட்டில் பிறப்பதில்லை. கீழே பிரைமரிலோ, பட்டியிலோ, அறுத்த ஓரத்திலோ பிறந்து மேலே வந்து முகம் காட்டுகிறது. மேலே எத்தனை கோட் போட்டாலும் அது போகாது, எந்த அடுக்கில் பிறந்ததோ அதுவரை இறங்கித்தான் சரி செய்ய வேண்டும்.

அதனால் இதைக் கோளாறு வாரியாக எழுதுகிறேன். உங்கள் பலகையில் என்ன தெரிகிறதோ அதற்குப் போய்ப் படியுங்கள். தாராவி 90 அடி ரோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பட்டறை, ஜூன் இரண்டாம் வாரம் முதல் அக்டோபர் தொடக்கம் வரை மழையோடுதான் வேலை, ஆகவே நான் சொல்லும் காய்கிற நேரமெல்லாம் மும்பை ஈரத்துக்கானது.

முதலில் இரண்டு சோதனை

ஒன்று, விளக்கு. மொபைல் டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத மேடு, பள்ளம், நார், கோடு எல்லாம் நிழல் விழுந்து தெரியும். வேலை நடக்கும்போது ஒவ்வொரு கோட்டுக்கு அப்புறமும் இதைச் செய்தால் பாதிப் பிரச்சினை அப்போதே மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, மேலே இருப்பது என்ன பெயிண்ட் என்று தெரியாத பழைய பலகை என்றால், கண்ணில் படாத மூலையில் பஞ்சை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் நனைத்து அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். கரைந்து பஞ்சில் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் என்.சி. பெயிண்ட், அதாவது டியூகோ என்று நம் ஆட்கள் சொல்வது. சுருங்கிக் கிளம்பினால் சிந்தெடிக் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்) கலந்த பி.யூ., அதாவது பாலியூரிதேன் பெயிண்ட் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர்க் கலவை அக்ரிலிக்கா என்ற சந்தேகம் இருந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு போதும், அது இளகி நிறம் விடும், எனாமல் விடாது. இது தெரியாமல் மேலே எதையும் அடிக்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

மேல்பக்கம் நன்றாக இருக்கிறது, ஓரம் மட்டும் சொரசொரப்பு, மங்கல்

பத்தில் ஏழு பேருக்கு இருப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எம்.டி.எஃப். என்பது மரத்தை நாராக்கி, யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினும் கொஞ்சம் மெழுகும் சேர்த்து, சூட்டோடு அழுத்திய பலகை. அழுத்தும் தகடு படுகிற இரண்டு முகங்களும் நெருக்கமாக இறுகிவிடும், நடுப்பகுதி அவ்வளவு இறுகாது. ஆக, ஒரே பலகையில் முகம் ஒரு பொருள், ஓரம் வேறு பொருள். ரம்பம் போட்டு அறுத்ததும் வெளியே வருவது அந்த இளகிய நடுப்பகுதி, அதில் லட்சக்கணக்கான நார் முனைகள் உறிஞ்சு குழல் மாதிரி திறந்து நிற்கின்றன. பெயிண்ட்டைத் தொட்டவுடன் அதிலிருக்கும் பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும், நிறப்பொடி மட்டும் மேலே தங்கும். அதனால்தான் முகம் பளபளப்பாகவும் ஓரம் சுண்ணாம்பு அடித்தது மாதிரியும் தெரிகிறது. இன்னும் பெயிண்ட் அடித்தால் அது இன்னும் குடிக்கும், அவ்வளவுதான்.

சரி செய்ய: பெயிண்ட் நன்றாகக் காயட்டும், மழைக்காலத்தில் குறைந்தது ஒரு நாள். ஒரு மரத்துண்டில் 180 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி ஓரத்தைத் தட்டையாகத் தேயுங்கள். வெறும் கையால் தாளைப் பிடித்துத் தேய்த்தால் விரல் படும் இடமெல்லாம் குழியும். பழுப்பு நிறம் வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை, சொரசொரப்பு போக வேண்டும். கத்தி மாதிரி நிற்கும் முனையை அப்போதே இரண்டு மி.மீ. அளவுக்கு உருட்டிவிடுங்கள். கூரான முனையில் எந்த பெயிண்ட்டும் தங்காது, ஈரமாக இருக்கும்போதே இரண்டு பக்கமும் விலகி ஓடிவிடும், நடுவில் ஒரு நூல் மாதிரிப் பலகை தெரியும்.

அப்புறம் ஓரத்தை அடைக்க வேண்டும். என்னிடம் கேட்டால் முதல் தேர்வு ஹார்ட்னர் கலக்கும் பி.யூ. சீலர். முதல் கோட் தின்னரால் நன்றாக இளக்கி, உள்ளே இறங்கும்படி, அதை ஓரம் முழுக்கக் குடிக்கும். காய்ந்ததும் 220 தாளால் லேசாக ஒரு தேய்ப்பு, இரண்டாவது கோட், பிறகு 320. பெரும்பாலும் மூன்றாவது கோட்டில் ஓரமும் முகமும் ஒரே மாதிரி மினுமினுக்கும். அந்த ஒரே மினுமினுப்புதான் ஓரம் அடைந்துவிட்டது என்பதற்கு அடையாளம். காய்ந்த பிறகும் ஓரத்தில் திட்டுத் திட்டாக மங்கல் இருந்தால் அந்த இடம் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறது, பிரைமருக்குப் போகாதீர்கள்.

பி.யூ. வாங்கிக் கலக்க வசதியில்லை என்றால் பட்டி பார்ப்பது அடுத்த வழி. என்.சி. பட்டியை ஓரத்தில் தகட்டால் அழுத்தி மெல்லிசாக இழுக்க வேண்டும், நார்களின் இடைவெளிக்குள் போனால் போதும், மேலே நிற்கக் கூடாது. கனமாகப் போட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நின்று பின்னால் மயிரிழை மாதிரி வெடிக்கும். கார் டிங்கரிங்கில் பயன்படுத்தும் பாலியெஸ்டர் பட்டி இதைவிடப் பலம், சுருங்குவதும் குறைவு, ஆனால் ஹார்ட்னர் கலந்த பத்துப் பதினைந்து நிமிடத்தில் கல்லாகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். இன்னொன்று பழைய பாலிஷ்காரர்களின் அரக்கு. செதிலாகக் கிடைக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பனியன் துணியால் ஓரத்தில் இரண்டு மூன்று தடவை இழுத்துவிடுவது. தண்ணீர் இல்லாததால் நார் எழும்பாது, சீக்கிரம் காயும், சின்ன வேலைக்கு எனக்கு மிகப் பிடித்த முறை.

வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கலந்து ஓரத்தில் தடவினால் போதுமே என்று பலர் சொல்வார்கள். எல்லோரும் பெவிகால் என்று சொல்கிற அந்தப் பசை வகை, ஒட்டுவதற்கு அருமையான பொருள், அடைப்பதற்கு நான் அதை எடுப்பதில்லை. முதல் காரணம், அதில் கலக்கும் தண்ணீரே நாரை உப்ப வைக்கும். இரண்டாவது, தாள் போட்டுத் தேய்க்கும் சூட்டில் அது இளகித் தாளில் மெழுகு மாதிரி அப்பிக்கொள்ளும், ஓரம் வழவழப்பாகாமல் உருண்டு உருண்டு வரும். மூன்றாவது, பின்னால் ஈரம் பட்டால் மறுபடி இளகும். சுவரில் மாட்டும் சின்ன அலங்கார வேலைக்கு, வேறு ஒன்றும் கையில் இல்லாதபோது, சரி. தினம் கை படும் ஷட்டருக்கு, அதாவது அலமாரிக் கதவுக்கு வேண்டாம்.

ரௌட்டர் மெஷினால் காடி, அதாவது பள்ளக் கோடு எடுத்த டிசைன் ஷட்டர் என்றால் காடிக்குள் இருப்பதும் ஓரம்தான், அதையும் இப்படித்தான் அடைக்க வேண்டும். பலர் வெளி ஓரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டுக் காடியை மறந்துவிடுகிறார்கள்.

பிரைமர் அடித்ததும் முகம் முழுக்க பீச் பழத் தோல் மாதிரி மெல்லிய நார்

தண்ணீர் பிரைமரை வெறும் பலகையில் நேராக அடித்திருப்பீர்கள். அழுத்தி வைத்த நார், தண்ணீர் பட்டதும் பழைய பருமனுக்குத் திரும்பப் பார்க்கும், எழுந்து நிற்கும். இல்லையென்றால் ஆரம்பத்தில் பலகை வழவழப்பாக வரட்டும் என்று 80 நம்பர் தாளால் முகத்தைத் தேய்த்திருப்பீர்கள், அதில் அந்த இறுகிய மேல்தோல் கிழிந்துபோய் உள்நார் வெளியே வந்திருக்கும். வெறும் முகத்துக்கு 220 தாளால் ஒரு லேசான தடவல் போதும், ஆலையிலேயே தேய்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

முதல் காரணம் என்றால் கவலையில்லை. ஒரு நாள் காயவிட்டு 320 தாளால் எழுந்த நாரை மட்டும் சீவி எடுங்கள், பிரைமரைச் சுரண்டிப் பலகை வரை போகாதீர்கள், போனால் அடுத்த கோட்டில் மறுபடி எழும். இரண்டாவது கோட்டில் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டாவது காரணம் என்றால் அந்த முகத்தையும் ஓரமாக நினைத்து, தின்னரில் கரையும் சீலரோ அரக்கோ ஒரு கோட் கொடுத்துத்தான் தொடர வேண்டும். இனி செய்யும் வேலைகளுக்கு, முதல் கோட் மட்டுமாவது தண்ணீர் இல்லாததாக இருக்கட்டும். அது அடைந்துவிட்டால் மேலே தண்ணீர் பெயிண்ட் தாராளமாக அடிக்கலாம்.

பெயிண்ட் வெள்ளையாகப் பூத்து, பால் தெளித்த மாதிரி இருக்கிறது

ஜூலையில் என்.சி. அடிப்பவர்களுக்கு வரும் நோய். தின்னர் ஆவியாகும்போது அந்தப் பரப்பு குளிர்கிறது, கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்குமே, அதே விஷயம். மும்பை மழை நாளில் 30 டிகிரி வெயிலும் 85 சதவீத ஈரப்பதமும் என்றால் காற்றிலிருக்கும் ஈரம் சுமார் 27 டிகிரியிலேயே நீராக மாறிவிடும். அதாவது பெயிண்ட் பரப்பு வெறும் மூன்று டிகிரி குளிர்ந்தால் போதும், அதன்மேல் பனி இறங்கிவிடுகிறது. அந்த நுண்ணிய நீர்தான் உள்ளே மாட்டி வெள்ளையாகத் தெரிகிறது. அதே ஊரில் 25 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள குளிர்கால மதியத்தில் 14 டிகிரி வரை இறங்கினால்தான் அது நடக்கும், அதனால் அப்போது யாருக்கும் பூப்பதில்லை.

புதிதாகப் பூத்திருந்தால் தேய்க்க வேண்டியதில்லை. மெதுவாகக் காயும் ரிட்டார்டர் தின்னர் என்று பெயிண்ட் கடையில் கேளுங்கள், மழை விட்ட மதிய நேரத்தில் அதை மட்டும் மெல்லிய தூவலாக அடித்தால் பரப்பு இளகி, மாட்டியிருந்த ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும். அடுத்த கோட் அடிக்கும்போது கலவையிலேயே கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். விலை மலிவு என்று சீக்கிரம் காயும் தின்னரை வாங்கினால் பூப்பது அதிகமாகும். அரக்கும் இந்த மாதிரி வெளுக்கும். காலை ஏழு மணிக்கும் மழை கொட்டும்போதும் ஸ்ப்ரே எடுக்காமல் இருப்பதுதான் பெரிய வைத்தியம், எங்கள் பட்டறையில் ஆகஸ்ட்டில் பதினொன்று முதல் நான்கு மணிவரைதான் கடைசிக் கோட் அடிப்போம்.

ஊசி குத்திய மாதிரித் துளைகள், குமிழ்கள்

ஓரத்தில் மட்டும் இருந்தால் ஓரம் சரியாக அடையவில்லை, உள்ளே இருந்த காற்று பெயிண்ட்டைத் துளைத்து வருகிறது, மேலே சொன்ன வேலையைச் செய்யுங்கள். முகம் முழுக்க இருந்தால், அதுவும் பி.யூ. என்றால், கம்ப்ரெஸரைப் பாருங்கள். பி.யூ. ஹார்ட்னர் தண்ணீரைக் கண்டால் வினைபுரிந்து கரியமில வாயுவை விடும், அந்த வாயு வெளியேறும் வழிதான் துளை. மழைக்காலத்தில் கம்ப்ரெஸர் டேங்க்குக்கு அடியிலிருக்கும் திருகைத் திறந்து தினம் காலையில் தண்ணீரை வடித்துவிட வேண்டும், ஒரு டம்ளர் தண்ணீர் வரை வந்ததைப் பார்த்திருக்கிறேன். குழாயில் வாட்டர் செப்பரேட்டர் இல்லாமல் பி.யூ. அடிக்கவே வேண்டாம். ஒரே தடவையில் கனமாக அடித்து, மேல்தோல் மூடிக்கொண்டு உள்ளே தின்னர் மாட்டினாலும் இதே துளைதான் வரும். மெல்லிசாக இரண்டு கோட் எப்போதும் மேல்.

சரி செய்வது கொஞ்சம் பொறுமையான வேலை. நன்றாக இறுகியபின் 320 தாளால் துளைகள் மறையும்வரை தேய்த்து, மிச்சமிருப்பதைப் பட்டியால் அடைத்து, பிரைமரிலிருந்து திரும்ப வர வேண்டும். துளை இருக்கும்போதே மேலே அடித்தால் மூடாது, துளையைச் சுற்றி வளையமாக நிற்கும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. எம்.டி.எஃப். தூசி மாவு மாதிரி, மூச்சில் ஆழமாகப் போகும், அதில் மரத்தூசியும் உண்டு ஃபார்மால்டிஹைடும் உண்டு, இரண்டையுமே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. பி.யூ. ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒரு தடவை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் அப்புறம் துளி பட்டாலும் மூச்சுத் திணறும். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. தேய்க்கும்போது என்95 முகமூடி, ஸ்ப்ரே அடிக்கும்போது கரி கார்ட்ரிட்ஜ் மாட்டிய முகமூடி, ஜன்னல் திறந்த இடம். மும்பை நாக்தேவி தெருக் கடைகளில் எல்லாமே கிடைக்கும். பத்துக்குப் பத்து அறையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு பி.யூ. அடிக்காதீர்கள், அந்த வேலையைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள், அல்லது தண்ணீர் பெயிண்ட்டுக்கு மாறுங்கள்.

வட்ட வட்டமாகப் பெயிண்ட் விலகி நிற்கிறது

மீன் கண் மாதிரி, நடுவில் பிரைமர் தெரியும். எண்ணெய்ப் பசை அல்லது சிலிக்கான். கதவுக் கீலுக்கு அடித்த ஸ்ப்ரே, பாத்ரூம் சிலிக்கான் தடவிய கை, சமையலறையில் ஆறு மாதம் மாட்டியிருந்த பழைய ஷட்டர், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு அதே கையால் பலகையைத் தூக்கியது, எதுவும் காரணமாகலாம். ஈரமாக இருந்தால் உடனே துடைத்தெடுங்கள். காய்ந்துவிட்டால் தேய்ப்பதற்கு முன்னால் தின்னர் துணியால் துடையுங்கள், பின்னாலேயே இன்னொரு காய்ந்த துணி. ஒரே துணியால் துடைத்தால் எண்ணெயை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கொண்டுபோகிறீர்கள். மேலே இருப்பது என்.சி.யோ எனாமலோ என்றால் தின்னர் அதையே கரைக்கும் அல்லது கிளப்பும், அவற்றுக்கு டர்பன்டைன் துணி. துடைக்காமல் தேய்த்தால் எண்ணெய் கீறல்களுக்குள் இறங்கிவிடும்.

ஆரஞ்சுத் தோல்

பெயிண்ட் கெட்டி, அல்லது காற்றழுத்தம் குறைவு, அல்லது ஸ்ப்ரே கன்னை ரொம்ப தூரத்தில் பிடித்தது. ஒரு ஜாண் தூரம் சரி. இறுகியபின் 400 தாளால் தட்டையாக்கி, கொஞ்சம் இளக்கி மறுபடி அடியுங்கள். ரோலர் என்றால் சுவருக்கான முடி ரோலரை விட்டுவிட்டு நுரை ரோலர் எடுங்கள்.

பெயிண்ட் காகிதம் மாதிரி உரிந்து வருகிறது

உரிந்த துண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள், அதுவே காரணத்தைச் சொல்லிவிடும். பின்பக்கம் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் சுவர்ப் பட்டி போட்டிருக்கிறார்கள். வெள்ளை சிமெண்ட் கலந்த அந்தப் பட்டி சுவருக்கு நல்லது, பலகைக்கு ஆகாது, தண்ணீரில் குழைப்பதால் நாரை உப்ப வைக்கும், பலகை துளி அசைந்தாலும் தெறிக்கும். ஒரு கான்ட்ராக்டர் முழு அலமாரிக்கும் இதைப் போட்டுவிட்டுப் போய், அந்த வீட்டுக்காரர் எங்களிடம் கொண்டு வந்தார், முழுவதையும் சுரண்டியெடுக்க இரண்டு பேருக்கு மூன்று நாள் ஆனது. பின்பக்கம் பழுப்பு நார் ஒட்டியிருந்தால் பலகையின் மேல்தோலே ஈரத்தில் விட்டுப்போயிருக்கிறது. பின்பக்கம் சுத்தமாக, பளபளப்பாக இருந்தால் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் தாள் போடவில்லை அல்லது தேய்த்த தூசியைத் துடைக்கவில்லை.

எவ்வளவு தூரத்துக்குப் பிடிப்பு இல்லை என்று பார்க்க, பிளேடால் இரண்டு மி.மீ. இடைவெளியில் ஆறு கோடு நெடுக்காகவும் ஆறு கோடு குறுக்காகவும் கீறி, மேலே டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்தப் பகுதி முழுக்க எடுத்தாக வேண்டும். ஒட்டியிருக்கும் இடத்தைத் தொட வேண்டாம், ஓரங்களைச் சரிவாகத் தேய்த்துப் பிரைமரால் இணைத்துவிடலாம்.

அடித்த உடனே சுருங்கி, கிழவர் தோல் மாதிரி ஆகிவிட்டது

எனாமல்மேல் என்.சி. அடித்துவிட்டீர்கள். அந்தத் தின்னர் எனாமலைக் கடித்துக் கிளப்பிவிடும். முதலில் சொன்ன பஞ்சுச் சோதனை இதற்காகத்தான். சுருங்கியதை முழுக்க எடுக்காமல் வேறு வழியில்லை. எனாமல் பலகைமேல் என்ன அடிக்க வேண்டுமென்றாலும் நன்றாகத் தேய்த்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை நடுவில் ஒரு கோட் கொடுத்து, மேலே எனாமலோ தண்ணீர் பெயிண்ட்டோ அடியுங்கள், என்.சி. வேண்டாம்.

அன்று கண்ணாடி மாதிரி இருந்தது, இரண்டு மாதத்தில் கோடுகள் தெரிகின்றன

இது எங்களுக்கே நடந்தது. தீபாவளிக்கு முன்னால் ஒரு சமையலறைக்குப் பதினெட்டு ஷட்டர், வீட்டுக்காரர் பண்டிகைக்குள் வேண்டும் என்று நின்றார், காலையில் பட்டி, மதியம் பிரைமர், இரவு கடைசிக் கோட் என்று ஓட்டிவிட்டோம். கொடுத்த அன்று எல்லோருக்கும் சந்தோஷம். பொங்கலுக்குப் போனபோது பட்டி போட்ட இடமெல்லாம் படம் வரைந்த மாதிரித் தெரிந்தது, 180 தாளின் கீறல்கூட எண்ணிச் சொல்லலாம். பட்டியும் பிரைமரும் தொட்டுப் பார்த்தால் காய்ந்திருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் தின்னர் போகப்போகத்தான் முழுதாகச் சுருங்கும். சுருங்குவதற்குமுன் தேய்த்துத் தட்டையாக்கினால், நாம் தட்டையாக்கியது இன்னும் சுருங்காத ஒன்றை. பின்னால் அது இறங்கும்போது மேலே இருக்கும் பெயிண்ட்டும் கூடவே இறங்குகிறது.

பதினெட்டு ஷட்டரையும் கழற்றி வந்து 320, அப்புறம் 400 போட்டுப் பிரைமர் ஒரு கோட், இரண்டு நாள் காத்திருப்பு, பிறகு கடைசிக் கோட். நல்ல செய்தி என்னவென்றால், ஏற்கெனவே முழுதாகச் சுருங்கி முடிந்த பரப்பு என்பதால் இரண்டாம் தடவை அது இறங்குவதில்லை. புது வேலைக்கு, பட்டிக்கும் பிரைமருக்கும் நடுவில் ஒரு இரவு, பிரைமருக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவில் மழைக்காலத்தில் இரண்டு நாள் விடுங்கள். மூக்கைப் பக்கத்தில் வைத்தால் தின்னர் வாசனை அடிக்கிறதா, இன்னும் காயவில்லை, இதைவிட நம்பகமான கருவி எனக்குத் தெரியாது. தாளிலும் 180இலிருந்து நேராக 400க்குத் தாவாதீர்கள், 180 போட்ட கீறலை 400 எடுக்காது.

கதவு வளைந்துவிட்டது

முன்பக்கம் ஐந்து கோட், பின்பக்கம் வெறும் பலகை என்று விட்டால் பின்பக்கம் மட்டும் மழையைக் குடித்து நீளும், கதவு முன்பக்கமாகக் குழியும். இரண்டு பக்கமும் சமமாக அடைப்பதுதான் மருந்து. பின்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று சீலர் கோட்டைக்கூட மிச்சம் பிடிப்பது தவறு. லேசான வளைவு என்றால் கழற்றிக் காய்ந்த அறையில் சமமான தரையில் பத்து நாள் போட்டுவிட்டுப் பின்பக்கம் அடைத்துப் பாருங்கள், பல கதவு திரும்பி வந்திருக்கிறது. 8க்கு 4 அடி, 18 மி.மீ. ஷீட் ஒன்று நாற்பது கிலோ பக்கம் வரும், அதைச் சுவரில் சாய்த்து வைத்தாலே தன் கனத்தில் வளையும், எப்போதும் படுக்கவைத்தே அடுக்குங்கள். ரே ரோட்டு மரக் கடையிலிருந்து வந்த ஷீட்டை அன்றே அறுக்காமல் இரண்டு மூன்று நாள் பட்டறைக் காற்றுக்குப் பழகவிட்டால் இன்னும் நல்லது.

அடிப்பகுதி உப்பி, பெயிண்ட் வெடித்திருக்கிறது

ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 18 மி.மீ. பலகை 20, 21 காட்டினால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. உப்பிய நார் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது, ஆகவே தேய்த்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்து என்று பணத்தைச் செலவு செய்யாதீர்கள். உப்பிய பகுதிக்கு இரண்டு அங்குலம் மேலே நேராக அறுத்தெடுத்து, புதுத் துண்டை ஒட்டி, இணைப்பில் பாலியெஸ்டர் பட்டி போட்டுச் செய்வது ஒரு வழி. கதவு என்றால் புதிதாகவே அறுத்துவிடலாம், நேரக் கணக்குப் பார்த்தால் அதுதான் மலிவு.

தினம் தரை துடைக்கிற வீட்டில் தரையைத் தொடும் பலகை எம்.டி.எஃப்.பாக இருக்கவே கூடாது, பி.வி.சி. கால் வைத்துத் தூக்குங்கள், கீழ் ஓரத்துக்கு மற்ற ஓரத்தைவிட ஒரு கோட் சீலர் கூடுதலாகக் கொடுங்கள். சமையலறை ஸிங்க் பக்கம் எச்.டி.எச்.எம்.ஆர். (அடர்த்தி கூடிய, ஈரம் தாங்கும்) பலகை எடுங்கள், நார் இன்னும் நெருக்கம், ஓரமும் குறைவாகவே குடிக்கும், பெயிண்ட் வேலைக்கும் அது இதமான பலகை. பச்சை நிறத்தில் ஒரு எம்.டி.எஃப். விற்கிறார்கள், அந்தப் பச்சை வெறும் அடையாளச் சாயம், ஈரத்தைத் தாங்க வைப்பது உள்ளே இருக்கும் பிசின். அதுவும் ஈரக் காற்றைத் தாங்கும் பலகைதான், தண்ணீரில் நிற்கும் பலகை அல்ல. கொலுவில் கலசம் வைக்கும் மேல்படியில் அடியில் ஒரு தட்டு வையுங்கள், சொம்பிலிருந்து வழியும் நீர் ஒன்பது நாள் ஒரே இடத்தில் நின்றால் எந்த பெயிண்ட்டும் காப்பாற்றாது.

வெள்ளை மஞ்சளாகிவிட்டது

எனாமல் வெள்ளை வெளிச்சம் படாத இடத்தில், அலமாரிக்கு உள்ளே, சீக்கிரம் பழுக்கும், அதன் எண்ணெயின் குணம் அது. வெயில் படும் இடத்தில் பழுத்தால் பி.யூ.வின் ஹார்ட்னர் மஞ்சளாகும் வகை. வெள்ளைக்கு வாங்கும்போது மஞ்சளாகாத ஹார்ட்னர் என்று டப்பாவில் போட்டிருப்பதையே வாங்குங்கள், விலை கூட, ஆனால் வெள்ளைக்கு வேறு வழியில்லை.

பொம்மையை எடுத்தால் பெயிண்ட் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது

மாட்டுங்கா மாமி வீட்டில் அடுத்த வருடம் வந்த புகார் இது. ஓரமெல்லாம் சரியாகி, படி பார்க்க அழகாக இருந்தது, தசமி முடிந்து மரப்பாச்சியைத் தூக்கினால் அடியில் வட்டமாக வெள்ளை பெயிண்ட். பெயிண்ட் காய்ந்திருந்தது, இறுகவில்லை. தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாளில் வந்துவிடும் அக்ரிலிக் எனாமல், கனத்தைத் தாங்கும் அளவுக்கு இறுக இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும், மழை ஈரத்தில் நான்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிந்தெடிக் எனாமலுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்கு. அலமாரிக் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது பிய்வதும் இதனால்தான்.

பிய்ந்த வட்டத்தை 320 தாளால் விளிம்பு தெரியாமல் தேய்த்து, பிரைமர் தொட்டு, படி முழுவதற்கும் ஒரு கோட் அடித்தால் மறைந்துவிடும். நகத்தால் கண்ணில் படாத இடத்தில் அழுத்திப் பாருங்கள், தடம் விழுந்தால் இன்னும் கனம் வைக்க நாளாகவில்லை. நவராத்திரிக்குள் வேண்டும் என்றால் ஆகஸ்ட் கடைசியிலேயே கடைசிக் கோட் முடிந்திருக்க வேண்டும், தாமதமாகிவிட்டால் ஹார்ட்னர் கலந்த பி.யூ. எடுங்கள், அது ஒரு வாரத்தில் பொம்மையைத் தாங்கும். இரண்டுக்கும் நேரமில்லையா, பெயிண்ட்மேல் வழக்கம்போல வேட்டி விரித்துப் பொம்மையை வைக்காதீர்கள், துணியின் நெசவு அப்படியே பதிந்துவிடும். ஒவ்வொரு பொம்மைக்கு அடியிலும் பட்டர் பேப்பர் வெட்டி வைத்துவிடுங்கள், மாமி இப்போது அதைத்தான் செய்கிறார்.